காயலான் கடை மீட்டரை நம்பலாமா?
வேலூர் முதல் வாணியம்பாடி வரை ஒரு பயணம்

நம் இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பூச்சி, உரம், விலை பற்றிய கேள்விகளே அதிகம். இந்த முறை மாதனூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. 'ஆம்பூரில் பழைய வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி ஸ்டார்ட்டர் போர்டில் மாட்டினேன். அது எப்போதும் 385 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டுகிறது. ஆனாலும் ஒரே கோடையில் இரண்டு முறை மோட்டார் காயில் எரிந்துவிட்டது. தப்பு மோட்டாரிலா, மீட்டரிலா?'

வீட்டில் உட்கார்ந்து இதற்குப் பதில் எழுத முடியாது. பொருள் கிடைக்கும் இடத்தையும் அது மாட்டியிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பையில் ஒரு கிளாம்ப் மீட்டரோடு வேலூரிலிருந்து மேற்கே கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை என்றால் பொய்கை மாட்டுச் சந்தை. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியின் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மாடு வாங்க வந்தவர் சும்மா பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், மடியைத் தொட்டுப் பார்க்கிறார், சுழியைக்கூட விடுவதில்லை. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. அந்தச் சந்தையில் இவ்வளவு கவனமாக இருக்கும் நம் விவசாயி, பழைய மின்சாதனம் வாங்கும்போது மட்டும் 'கண்ணாடி உடையாம இருக்கு, போதும்' என்று ஏன் வாங்கி வருகிறார்?

அடுத்து விரிஞ்சிபுரம். வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் என்பதால் நம்மில் பலருக்கு அறிமுகமானது. இங்குள்ள மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் மதில் அழகு பெயர் பெற்றது. பிராகாரத்தில் நேரம் காட்டும் கல் ஒன்றும் உண்டு. பாதி நிலா வடிவத்தில் எண்கள் செதுக்கிய கல். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் நேரம். முள்ளும் டயலும் கொண்ட மீட்டருக்கு இது தாத்தா மாதிரி. குச்சி சரியாகப் பொருந்தி, கல் அசையாமல் நின்றால்தான் நேரம் சரியாக இருக்கும். கல்லைப் பெயர்த்துத் திருப்பி வைத்தால் அதே கல் தப்பான நேரம் காட்டும். எண்கள் அழியாமல் இருந்து என்ன பயன்? அளக்கும் கருவி எதுவானாலும் கதை இதுதான்.

பாலாறும் மோட்டாரும்

பள்ளிகொண்டா தாண்டியதும் சாலையை ஒட்டியே பாலாறு கூட வருகிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரம் வழியாக வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழையும் இந்த ஆற்றின் மொத்த நீளம் 348 கி.மீ. அதில் 222 கி.மீ. நம் மாநிலத்தில். ஆண்டின் பெரும்பகுதி இதில் மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியிலும் கிணற்றிலும் போர்வெல்லிலும் இருக்கிறது. அதனால் இங்கே விவசாயம் என்றால் மோட்டார். தென்னை, கரும்பு, நெல், வேர்க்கடலை, இலவம்பாடி முள் கத்தரி எதுவானாலும் மோட்டார் நின்றால் பயிர் நின்றது. மும்முனை மின்சாரம் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் பாய்ச்சி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு வட்டாரமே மோட்டாரைப் போடுவதால், லைனின் கடைசியில் இருக்கிறவருக்கு வோல்டேஜ் இறங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் மீட்டருக்கு வேலை. 415 வோல்ட்டில் ஓட வேண்டிய மோட்டாருக்கு 360 வோல்ட் மட்டும் கிடைத்தால் என்ன ஆகும்? தண்ணீரை ஏற்றும் வேலை ஏறக்குறைய அதேதான் என்பதால், மோட்டார் சுமார் 15 சதவிகிதம் கூடுதலாக ஆம்ப்ஸ் இழுக்கும். காயிலில் உண்டாகும் சூடு ஆம்ப்ஸின் வர்க்கத்தில் ஏறும். அதாவது 15 சதவிகிதம் கூடுதல் ஆம்ப்ஸ் என்றால் சூடு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. தொடங்கும்போது சுழற்றும் விசையோ முக்கால் பங்காகக் குறைந்துவிடுகிறது. எனவே ஸ்டார்ட் ஆகவே நேரமெடுக்கும். அந்த நேரம் முழுக்கப் பல மடங்கு ஆம்ப்ஸ் பாயும். வார்னிஷ் கருகி, ஒருநாள் புகை வரும்.

மாதனூர் அருகே கடிதம் எழுதியவரின் தோப்புக்குப் போனேன். போர்டில் பழைய வோல்ட் மீட்டர் 385 காட்டியது. அதே முனைகளில் நான் கொண்டுபோன மீட்டரை வைத்தேன். 362. அவருடைய ஒயர்மேன் வைத்திருந்த இன்னொரு மீட்டரிலும் வைத்துப் பார்த்தோம், ஏறக்குறைய அதேதான். இருபது வோல்ட்டுக்கு மேல் அந்த மீட்டர் கூட்டிச் சொல்கிறது. 'லைன் நல்லாத்தான் இருக்குது' என்று நம்பி அவர் மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கு மோட்டார் எரிந்தது மட்டும் நஷ்டமில்லை. காயில் கட்டிவர நாலைந்து நாள், அந்த நாட்களில் காய்ந்த கத்தரிப் பாத்தி, இரண்டாவது முறை நகை அடகு.

"மீட்டரே இல்லாம இருந்திருந்தா சத்தத்தை வச்சு நிறுத்தியிருப்பேன் சார். இது இருக்குதேன்னு நம்பிட்டேன்" என்றார் அவர். தப்பாகக் காட்டும் மீட்டர், இல்லாத மீட்டரைவிட மோசம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆம்பூர்: மீட்டர் எங்கே தொங்கியது?

ஆம்பூரில் பிரியாணி வாசனையைத் தாண்டிக் காயலான் கடைகளுக்குப் போனால், தோல் தொழிலின் இன்னொரு பக்கம் தெரியும். தோல் பதனிடும் டிரம்களை ஓட்டிய மோட்டார்கள், பெல்ட் புல்லிகள், கழற்றிப் போட்ட கன்ட்ரோல் பேனல்கள். மூடிய தொழிற்சாலைகளிலிருந்தும், டிஜிட்டல் பேனலுக்கு மாறிய தொழிற்சாலைகளிலிருந்தும் வந்தவை. பேனலிலிருந்து கழற்றிய சதுர மீட்டர்கள் ஒரு தகரத் தட்டு நிறையக் கிடந்தன.

"யார் பாய் இதையெல்லாம் வாங்கறாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் நம்ம விவசாயிங்கதான் சார். புதுசு விலையில கால்வாசிக்குத் தர்றேன், வாங்கினு போறாங்க. ஓடுமா ஓடாதான்னு கேப்பாங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்ல" என்றார் கடைக்காரர்.

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். காரணம் சொல்கிறேன். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்த இடத்துக் காற்றில் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. இது செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். மீட்டரின் உள்ளே முள்ளைத் திரும்பக் கொண்டுவருவது முடி போன்ற மெல்லிய ஒரு சுருள்வில். செம்புக் கலவையில் செய்த அந்த வில் அரித்தால் அதன் இழுவிசை மாறும். முள் தப்பான இடத்தில் நிற்கும். பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வருகிறது. அந்த உப்புத்தூள் ஈரத்தை இழுத்து, முள்ளைத் தாங்கும் எஃகு ஊசி முனையைத் துருப்பிடிக்க வைக்கும். இரவு பகலாக டிரம் உருளும் அதிர்வில் அந்த ஊசி முனையும் மழுங்கும். அதே ஊரில் ஷூ தைக்கும் கம்பெனியின் ஆபீஸ் பேனலில் தொங்கிய மீட்டருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பின்புறத் திருகுகளைப் பாருங்கள். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் உள்ளேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டயலில் இருக்கும் ஜாதகம்

டயலின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் சில குறிகள் இருக்கும். மீட்டரின் ஜாதகமே அதுதான்.

முதலில் 1.5 அல்லது 2.5 என்ற எண். இது துல்லிய வகுப்பு. ஐ.எஸ். 1248 என்ற இந்தியத் தர நிர்ணயம் இதைச் சொல்கிறது. 1.5 என்றால், டயலின் முழு அளவில் 1.5 சதவிகிதம் வரை கூடக் குறையக் காட்டலாம். 500 வோல்ட் மீட்டருக்கு அது 7.5 வோல்ட், 2.5 வகுப்புக்கு 12.5 வோல்ட். இது மீட்டர் புதிதாக இருந்தபோது கொடுத்த வாக்கு. முப்பது வருடம் கழித்தும் செல்லும் என்று எண்ண வேண்டாம். 'முழு அளவில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 30 ஆம்ப்ஸ் மீட்டரில் பிழை 0.45 ஆம்ப்ஸ் வரை வரலாம். நம் 5 எச்.பி. மோட்டார் இழுப்பதோ 8 ஆம்ப்ஸ் அளவில்; அதில் 0.45 என்பது ஐந்தரை சதவிகிதத்துக்கும் மேல். எனவே பெரிய டயல் வாங்குவது லாபமில்லை. நம் மோட்டாரின் ஆம்ப்ஸ், டயலின் பாதிக்கு மேல் வருவது மாதிரி வாங்க வேண்டும்.

இரண்டாவது, குதிரை லாடக் குறி மட்டும் இருந்தால் அது டி.சி. மீட்டர். நம் ஏ.சி. லைனுக்கு ஆகாது. பக்கத்தில் டயோடு குறியும் சேர்ந்திருந்தால் ஏ.சி.க்கு ஆகும். மூன்றாவது, தலைகீழ் 'டி' போன்ற குறி. செங்குத்தாக மாட்டினால்தான் சரியாகக் காட்டும் என்று அர்த்தம். சாய்ந்த பலகையில் மாட்டினால் விரிஞ்சிபுரத்துக் கல்லைத் திருப்பி வைத்த கதைதான்.

நான்காவதுதான் பெரிய பொறி. ஆம்ப்ஸ் மீட்டரில் 100/5, 200/5 என்று எழுதியிருந்தால், அது சி.டி. என்ற வளையத்தோடு சேர்ந்து வேலை செய்யும் மீட்டர். டயல் 100 வரை இருந்தாலும் உள்ளே பாய வேண்டியது 5 ஆம்ப்ஸ்தான். '100 ஆம்ப்ஸ் தாங்கும்' என்று நினைத்து 8 ஆம்ப்ஸ் மோட்டார் லைனை நேரடியாகக் கொடுத்தால் முள் கடைசியில் போய் மோதும். ஸ்டார்ட் ஆகும்போது பாயும் ஐந்தாறு மடங்கு ஆம்ப்ஸில் காயில் கருகும். சரி, சி.டி.யோடு சேர்த்தே மாட்டினால்? 100 வரை உள்ள டயலில் 8 என்பது தொடக்கத்தில் கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடம். ஒன்றும் தெரியாது. தொழிற்சாலைக்கு நல்ல மீட்டர் நம் கிணற்றுக்கு நல்ல மீட்டராக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். உடைந்த மீட்டரின் டயல் தகட்டைக் கழற்றி வேறு மீட்டரில் பொருத்தி விற்பதுண்டு. வோல்ட் என்று எழுதியிருக்கும். உள்ளே ஆம்ப்ஸ் காயில் இருக்கும். அதை இரண்டு பேஸுக்கு நடுவே கொடுத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட். முகத்துக்கு நேரே வெடிக்கும். மின்சாரம் இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். வோல்ட் மீட்டர் பல ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். ஆம்ப்ஸ் மீட்டர் ஏறக்குறைய சைபர் காட்ட வேண்டும். இதைப் பார்க்காமல் எந்தப் பழைய மீட்டரையும் லைனில் கொடுக்காதீர்கள்.

ஒரே பொய்யும் பல பொய்யும்

ஆம்பூரில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் மூன்று பேஸ் வேரியாக் இருந்தது. வோல்டேஜை மெல்ல ஏற்றி இறக்கும் கருவி இது. கடைக்காரர் சம்மதத்தோடு, தகரத் தட்டிலிருந்து வாங்கிய இரண்டு வோல்ட் மீட்டர்களை அதில் வைத்துப் பார்த்தோம்.

முதல் மீட்டர் எல்லா அளவிலும் பத்துப் பன்னிரண்டு வோல்ட் கூட்டியே காட்டியது. ஏற்றும்போதும் அதே, இறக்கும்போதும் அதே. இரண்டாவது மீட்டர் 400 வோல்ட்டில் மிகச் சரியாக நின்றது. ஆனால் மேலிருந்து இறக்கிக்கொண்டு வந்து அதே 400இல் நிறுத்தினால் 420க்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியை விரலால் தட்டினால் இறங்கியது.

இரண்டில் எது நல்லது? பலர் இரண்டாவது என்பார்கள். முதலாவதுதான் நல்லது. அது ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது; எவ்வளவு என்று தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். 'மீட்டர் 380 என்றால் உண்மை 369' என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டிவிட்டால் அந்த மீட்டர் இன்னும் பல வருடம் உழைக்கும். மூன்று பேஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க செலக்டர் சுவிட்சோடு ஒரே மீட்டரைப் பயன்படுத்தினால், அந்தக் கழித்தல்கூட அவ்வளவாகத் தேவைப்படாது. இரண்டாவது மீட்டர் நேரத்துக்கு ஒன்று பேசும். அதை எந்தச் சீட்டாலும் திருத்த முடியாது. அதன் இடம் காயலான் கடைதான்.

வாணியம்பாடியில் தெரிந்த கணக்கு

வாணியம்பாடி பக்கம் போகும்போது பழைய விஷயம் ஒன்று நினைவுக்கு வராமல் இருக்காது. தோல் கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்புச் சொன்னது. இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்ற ஆய்வு விவரம் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரி 30 அன்றும் இதே பாலாற்றுப் பகுதிக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கியது. 'தண்ணீர் கெட்டுப்போச்சு' என்று விவசாயி எத்தனையோ வருடம் சொல்லிப் பார்த்தார். அது எண்ணாகி, ஏட்டில் ஏறிய பிறகுதான் கேள்வி கேட்க முடிந்தது. அளவு சரியாக இருந்தால்தான் ஏழை சொல்லும் அம்பலம் ஏறும்.

உப்பேறிய கிணறுகளை விட்டுவிட்டு ஒன்றிரண்டு நல்ல கிணற்றை நம்பியிருப்பவர்கள் இங்கே பலர். அவர்களுக்கு ஆம்ப்ஸ் மீட்டர் இன்னொரு விதத்திலும் உதவும். வழக்கமாக 8 இழுக்கும் நீர்மூழ்கி மோட்டார் திடீரென 5க்கு இறங்கினால், தண்ணீர் மட்டம் கீழே போய்க் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும். சுற்றியுள்ள தண்ணீர்தான் அந்த மோட்டாரைக் குளிர வைக்கிறது. 8க்குப் பதில் 10 இழுத்தால் மணல் அடைப்போ, பேரிங் கோளாறோ, வோல்டேஜ் குறைவோ இருக்கும். கிணற்றை எட்டிப் பார்க்காமலே கிணற்றைப் பார்க்கலாம், முள் உண்மை பேசினால்.

பழைய மீட்டர் வாங்கும்போது

1. எந்தத் தொழிற்சாலையில், எந்தப் பகுதியில் இருந்தது என்று கேளுங்கள். பின்புறத் திருகுகள் கறுத்திருந்தால் வேண்டாம்.

2. கையில் பிடித்து மெல்ல அசையுங்கள். முள் தடையில்லாமல் ஆடி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த இடம் சைபராக இல்லாவிட்டால் முன்புறத் திருகால் சரிசெய்யலாம். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் வாங்காதீர்கள்.

3. ஓம் அளவு பாருங்கள். டயலில் உள்ள குறிகளைப் படியுங்கள்.

4. காயில் கட்டும் கடையிலோ, அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ. மின் பிரிவில் கேட்டோ, நல்ல மீட்டரோடு ஐந்து அளவுகளில் ஒப்பிடுங்கள். ஏற்றும்போதும் பாருங்கள், இறக்கும்போதும் பாருங்கள். ஒப்பிடும் டிஜிட்டல் மீட்டரில் பேட்டரி புதிதாக இருக்கட்டும். பேட்டரி இறங்கினால் அதுவும் கூட்டிக் காட்டும்.

5. எண்ணை எப்போதும் நேர் எதிரே நின்று படியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் கோடு மாறும்.

6. மாட்டும் வேலையை ஒயர்மேனிடம் விடுங்கள். மெயினை அணைத்து, மூன்று பேஸும் செத்திருப்பதைச் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். சி.டி. உள்ள இடத்தில், மோட்டார் ஓடும்போது சி.டி. ஒயரைக் கழற்றவே கூடாது. உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் உண்டாகும்.

7. வருடத்துக்கு ஒருமுறை, கோடைக்கு முன்னால், மறுபடி ஒப்பிட்டுச் சீட்டைப் புதுப்பியுங்கள்.

மீட்டர் எச்சரிக்கும், காப்பாற்றாது. ஓவர்லோடு ரிலே, பேஸ் போனால் நிறுத்தும் கருவி, எர்த் மூன்றும் இல்லாத போர்டில் எவ்வளவு நல்ல மீட்டர் மாட்டினாலும் மோட்டாருக்குப் பாதுகாப்பு கிடையாது. கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் ரிலேயை வாங்குங்கள்.

மாதனூர் வாசகருக்கு என் பதில் இது. தப்பு உங்கள் மோட்டாரில் இல்லை. அந்த மீட்டரைக் கழற்றி, ஏற்றி இறக்கிச் சோதியுங்கள். ஒரே அளவில் பொய் சொன்னால் சீட்டு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எடைக்குப் போடுங்கள். லைனில் 362 வருவது தனிப் பிரச்சினை. தாழ்வழுத்த மின்சாரம், அறிவித்த அளவிலிருந்து 6 சதவிகிதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று மின் விதிகள் சொல்கின்றன. 415 வோல்ட்டுக்கு அந்தக் கீழ் எல்லை 390. ஒரு வாரம், தேதியும் நேரமும் போட்டு, சோதித்த மீட்டரில் வோல்டேஜைக் குறித்து வையுங்கள். அதே லைனில் இருக்கும் மற்ற விவசாயிகளிடமும் குறிக்கச் சொல்லுங்கள். எல்லோருடைய தாளையும் சேர்த்து மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.